‘வெற்றிடம்’ என்றால் வேலையா, சூனியமா? கைத்தொலைபேசியின் சிபாரிசும் மலையகத் தமிழும்

உயர்தரம் முடித்துவிட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், ஹட்டனில் வேலை தேடும் ஒருவர் கைத்தொலைபேசியில் "சாரதி வெற்றிடம்" என்று தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டொரு வேலை விளம்பரம் வரும். அவற்றுக்கு நடுவே, தமிழ்நாட்டில் ஒரு தலைவர் மறைந்த பின் உண்டான அரசியல் வெற்றிடம் பற்றிய விவாதம் வரலாம். இன்னும் கீழே போனால், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவையை வைத்து யாரோ பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

கைத்தொலைபேசிக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இலங்கைத் தமிழில் வெற்றிடம் என்றால் ஆள் சேர்க்க வேண்டிய பதவி. அரச அறிவித்தல் முதல் பத்திரிகையின் சிறுவிளம்பரம் வரை அப்படித்தான் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் அதற்குக் காலிப்பணியிடம் என்று பெயர். அங்கே வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம். இணையத்தில் கிடக்கும் தமிழில் பெரும்பகுதி அங்கே எழுதப்பட்டது. அதைப் படித்துத் தமிழ் பழகிய நிரல், நம் சொல்லை அவர்கள் பொருளில் எடுத்துக்கொள்கிறது.

எழுத்தைப் படித்து, ‘உங்களுக்கு இது பிடிக்கும்’ என்று எடுத்துக் கொடுக்கும் இந்த நிரல்கள் எப்படி வேலை செய்கின்றன, மலையகத்துக்கு வரும்போது எங்கே இடறுகின்றன என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

சிபாரிசு நடக்கும் இரண்டு வழி

சிபாரிசு முறைமை என்பது, காணொளியோ விளம்பரமோ புத்தகமோ, ஆயிரக்கணக்கில் குவிந்து கிடப்பவற்றில் எந்தப் பத்தை இந்த ஆளின் கண்முன் வைப்பது என்று தீர்மானிக்கும் நிரல். தமிழ்நாட்டார் பரிந்துரை என்பார்கள். நமக்குச் சிபாரிசு என்றதும் எம்.பி.யிடம் வாங்கும் கடிதம்தான் ஞாபகத்துக்கு வரும். வேலை ஏறக்குறைய அதேதான். கடிதம் கொடுப்பவர் நம்மை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதுதான் இரண்டிலும் கேள்வி.

1. கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. நீங்கள் பார்த்ததையே பார்த்த வேறு ஆயிரம் பேர் அடுத்து எதைப் பார்த்தார்கள் என்று தேடி, அதை உங்களிடம் நீட்டுவது. இதற்கு அந்தப் பொருள் என்னவென்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2006இல் 10 இலட்சம் டொலர் பரிசுப் போட்டி ஒன்றை அறிவித்தது. சுமார் 4 இலட்சத்து 80 ஆயிரம் வாடிக்கையாளர் 17,770 படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைக் கையில் கொடுத்து, தன் கணிப்பை 10 சதவீதம் திருத்தித் தரச் சொன்னது. பரிசு கைமாற 2009 ஆகிவிட்டது. நிறுவனம் கொடுத்த தரவில் படத்தின் பெயரும் ஆண்டும் இருந்தன. கதையைப் பற்றி ஒரு வரி இல்லை.

2. பொருளைப் பார்த்துச் சொல்வது. விளம்பரத்தில் எழுதியிருப்பதைப் படித்து, நீங்கள் முன்பு திறந்து பார்த்தவற்றோடும் உங்கள் சுயவிவரத்தோடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இங்கேதான் இயற்கை மொழிச் செயலாக்கம் நுழைகிறது. நம் பாடநூல்களின் வழக்கில் சொன்னால் முறைவழியாக்கம். மனிதர் பேசும், எழுதும் மொழியைக் கணினி கையாளக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரும் வித்தைகள் எல்லாம் இந்தப் பெயருக்குள் அடங்கும்.

முதல் வழிக்குக் கூட்டம் வேண்டும். நேற்றுப் போட்ட விளம்பரத்தை இன்னும் ஒருவரும் திறக்கவில்லை. இன்று சேர்ந்த பயனர் இன்னும் ஒன்றையும் தொடவில்லை. அப்போது அந்த வழி அசையாது. துறைக்காரர்கள் இதைக் குளிர்த்தொடக்கம் என்கிறார்கள். மார்கழிக் காலையில் நுவரெலியாவில் லொறியை ஸ்டார்ட் செய்து பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் (மலையகத் தமிழருக்கு அந்த ஏட்டில் இருந்த பெயர்) என்று பதியப்பட்டவர்கள் சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் பேர். அதில் ஒரு குறிப்பிட்ட செயலியை வைத்திருப்பவர்கள், அதிலும் தமிழில் தேடுபவர்கள், அதிலும் ஹட்டன் பக்கம் வேலை தேடுபவர்கள் என்று வடிகட்டிக்கொண்டே போனால் மிஞ்சுவது கைப்பிடி. கூட்டத்தை நம்பும் முறைமைக்கு நாம் எப்போதுமே குளிர்தான். எனவே மலையகத்துக்கு இரண்டாவது வழிதான் பிழைப்பு. விளம்பரம் போட்ட நிமிடமே அதில் எழுத்து இருக்கிறது. கூட்டம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எழுத்தை எண்ணாக்குவது

கணினிக்குப் படிக்கத் தெரியாது, கணக்குப் போடத்தான் தெரியும். ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு விளம்பரத்தையும் எண்களாக மாற்றுவது. மிகப் பழைய, இன்னும் சாகாத வழி, சொற்களை எண்ணுவது.

நம் ஹட்டன்காரர் "ஹட்டன் சாரதி வேலை" என்று தேடுகிறார். எதிரே இரண்டு விளம்பரம்:

அ. "ஹட்டன் நகரில் லொறி சாரதி தேவை."
ஆ. "கொழும்பில் கடை வேலை. வேலை நேரம் காலை 8 முதல்."

வெறுமனே எண்ணினால் ‘அ’வில் ஹட்டன், சாரதி என இரண்டு சொல் பொருந்துகின்றன. ‘ஆ’விலும் இரண்டு, ஏனெனில் வேலை என்ற சொல் இரண்டு முறை வருகிறது. முடிவு சமம். இது நியாயமில்லை என்று குழந்தைக்கும் தெரியும்.

எல்லா விளம்பரத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பைக் குறை, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பைக் கூட்டு என்ற யோசனையை 1972இல் முன்வைத்தவர் இங்கிலாந்தின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். நம்மிடம் 1,000 விளம்பரம் இருப்பதாகக் கொள்வோம். வேலை 900இல் வருகிறது, ஹட்டன் 50இல், சாரதி 20இல். 1,000ஐ இந்த எண்ணிக்கையால் வகுத்து, பத்தின் அடியில் மடக்கை எடுத்தால் வேலைக்கு 0.05, ஹட்டனுக்கு 1.30, சாரதிக்கு 1.70. இப்போது கூட்டிப் பாருங்கள்: ‘அ’வுக்கு 3.00, ‘ஆ’வுக்கு வெறும் 0.10. சாதாரண தரக் கணிதத்தை வைத்துக்கொண்டே முதல் சிபாரிசைக் கட்டிவிட்டோம்.

ஆனால் இந்தக் கட்டடம் மூன்று இடத்தில் ஒழுகும். விளம்பரத்தில் "ஹட்டனுக்கு ஆள் தேவை" என்றிருந்தால், ஹட்டனும் ஹட்டனுக்கும் கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். தமிழில் பெயர்ச்சொல் உருபுகளை வால் வாலாகச் சேர்த்துக்கொண்டு போகும். ஹட்டனிலிருந்து, ஹட்டன்வரை, ஹட்டன்காரர் எல்லாமே தனித்தனி ஆளாகிவிடும். "டிரைவர் தேவை" என்றிருந்தால் சாரதியோடு ஒரு எழுத்துக்கூடப் பொருந்தாது. "அட்டன்" என்று எழுதியிருந்தாலும் அதே கதிதான், அதுவும் நம்மவர் எழுதும் முறைதான் என்றாலும்.

சொல்லின் அக்கம்பக்கம்

சாரதி, டிரைவர் என்ற இரண்டும் ஒன்றென்று கணினிக்கு யார் சொல்வது? அகராதி கொடுக்கலாம், ஆனால் எல்லாச் சொல்லுக்கும் கையால் எழுதி முடியாது. மாற்றுவழி, அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. இரண்டு சொற்களுக்கும் பக்கத்தில் லொறி, வான், கனரக வாகனம், அனுமதிப்பத்திரம், சில்லு என்றே வருகின்றன. அயலவர் ஒரே ஆட்களென்றால் வீடும் ஒரே லயத்தில்தான், தோட்டத்து வரிசை வீட்டில்தான், இருக்க வேண்டும்.

கூகுள் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முறை இதைத்தான் செய்தது. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையைக் கொடுத்தது. அதைச் சொல்லின் விலாசம் என்று நினைத்துக்கொள்ளலாம். துறையில் திசையன், நம் பாடநூலில் காவி. பொருள் நெருங்கிய சொற்களின் காவிகள் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்கும், இடையிலுள்ள கோணம் சிறிதாக இருக்கும். கோணம் எவ்வளவு சிறிதோ, சிபாரிசு அவ்வளவு பலம்.

பேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவு 2016இல் கொண்டுவந்த முறை சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளுக்கும் விலாசம் கொடுத்தது. தமிழ் போன்ற ஒட்டுமொழிக்கு இது வரப்பிரசாதம். தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து, தோட்டத்தாருக்கு எல்லாவற்றிலும் ‘தோட்ட’ என்ற துண்டு பொதுவாக இருப்பதால், முன்பின் பார்த்திராத வடிவத்தையும் ஊகிக்க முடிகிறது. 2018இல் அதே பிரிவு, தமிழும் சிங்களமும் உட்பட 157 மொழிகளுக்கு இத்தகைய காவிகளை இலவசமாக வெளியிட்டது. படித்த நூல் எதுவென்றால் விக்கிப்பீடியாவும் பொது இணையப் பக்கங்களும்.

அதே 2018இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் என்ற மொழி மாதிரி, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்து மொழி பழகிய நிரல், இன்னொரு படி ஏறியது. மேலே சொன்ன முறைகள் ஒரு சொல்லுக்கு ஒரு விலாசம் என்று வைத்திருந்தன. பெர்ட், வாக்கியத்தைப் பொறுத்து விலாசத்தை மாற்றியது. "சாரதி வெற்றிடம்" என்பதில் உள்ள வெற்றிடத்துக்கு ஒன்று, "அரசியல் வெற்றிடம்" என்பதற்கு வேறொன்று. அப்படியானால் நம் முதல் சிக்கல் தீர்ந்துவிட வேண்டுமே? தீரும், ஒரு நிபந்தனையின் பேரில்: பயிற்சியின்போது "சாரதி வெற்றிடம்" போன்ற வாக்கியங்களைப் போதுமான அளவு அது பார்த்திருக்க வேண்டும். பார்க்காததை எந்த மாதிரியும் கற்காது.

பேர், மலை, ஸ்டோரு

வெற்றிடமாவது இலங்கைத் தமிழருக்கெல்லாம் பொதுவான சொல். தோட்டத்துப் பேச்சுக்குள் இறங்கினால் நிரலின் பாடு இன்னும் மோசம்.

"இந்த மாசம் எனக்கு 18 பேர்தான்" என்று ஒருவர் எழுதுகிறார். மலையகத்தில் பிறந்த யாருக்கும் இதன் அர்த்தம் தெரியும்: 18 நாள் சம்பளம் பதிவாகியிருக்கிறது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், முழுதாக எடுத்தால் ஒரு பேர். கணினிக்கோ 18 பேர் என்றால் 18 மனிதர்கள். ‘எனக்கு 18 பேர்’ என்றதும் அது குடும்பம் பெரியது என்று முடிவுகட்டி, கூட்டுக் குடும்பத்துக்கான அரிசி மூட்டை விளம்பரத்தை நீட்டினாலும் குற்றம் சொல்ல முடியாது. அது படித்த தமிழில் ‘பேர்’ அப்படித்தான் இருந்தது.

மலை இன்னொன்று. "இன்னைக்கு அஞ்சாம் நம்பர் மலையில கொழுந்து" என்றால் ஐந்தாம் இலக்கத் தேயிலைப் பகுதி. சிபாரிசு நிரலுக்கு மலை என்றால் ஏறிப் பார்க்கும் இடம். கூடாரமும் மலையேற்றச் சப்பாத்தும் வந்து நிற்கும். ஸ்டோரு என்பது தேயிலைத் தொழிற்சாலை, கடையல்ல. துரை என்பது தோட்ட முகாமையாளர், ஆளின் பெயரல்ல. பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது), மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) போன்றவற்றின் பாடு வேறு விதம். அவை தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில்லை, புரிந்துகொள்ளப்படுவதே இல்லை. நிரலுக்கு அவை வெறும் இரைச்சல்.

அரிய சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்று மேலே கணக்குப் போட்டோமே, அந்தக் கணக்கு இங்கே நமக்குச் சாதகம். 1,000 விளம்பரத்தில் ஐந்தில் மட்டும் கவ்வாத்து வந்தால் அதன் எடை 2.30. கவ்வாத்துக் கத்தி பிடிக்கத் தெரிந்தவரையும் கவ்வாத்துக்கு ஆள் கேட்கும் தோட்டத்தையும் அந்த ஒரு சொல்லே இணைத்துவிடும். பொருள் தெரியாமலே பொருத்தம் கண்டுபிடிக்கும் இந்தப் பழைய முறையை, புதிய மாதிரிகள் வந்துவிட்டன என்பதற்காகத் தூக்கி எறிவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

கருத்துகளை வைத்துச் சிபாரிசு செய்யும்போது தொல்லை வேறு மாதிரி வரும். விடுதியைப் பற்றி "பரவாயில்ல" என்று எழுதினால் அது பாராட்டா, சலிப்பா? "சரியான குளிர்" என்பது கொழும்பிலிருந்து வந்தவருக்கு மகிழ்ச்சி, இராகலையிலிருந்து போனவருக்கு முறைப்பாடு. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு மதிப்பெண். எழுதியவர் எந்த ஊர் என்று தெரியாமல் கூட்டிக் கழிக்க முடியாது.

படிக்க முடியாத தமிழ்

பொருளுக்குப் போகுமுன்னே எழுத்திலேயே சிக்கிக்கொள்ளும் தமிழும் நிறைய உண்டு.

1. பாமினி. இலங்கையின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நீண்டகாலம் ஆட்சி செய்த எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாமல் ஊட்டினால் எந்த மாதிரிக்கும் அது குப்பைதான். பழைய அறிவித்தல்கள், சங்கச் சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் இப்படிப் பெருமளவு பூட்டிக் கிடக்கின்றன.

2. ஒருங்குறியிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். கொழுந்து என்பதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் சேமிக்கலாம். முதல் வகையில் அந்தச் சொல் 8 குறியீடு, 24 பைட். இரண்டாம் வகையில் 9 குறியீடு, 27 பைட். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரி நிரலை மறந்தால், கொழுந்தும் கொழுந்தும் பொருந்தாது.

3. ஆங்கில எழுத்தில் தமிழ். இளையவர்களின் குறுஞ்செய்தியும் கருத்துகளும் பெரும்பாலும் இதில்தான். ‘வேலை’ என்பதையே நான்கைந்து விதமாக எழுதுவார்கள். 2019இல் வெளிவந்த, சுமார் 100 மொழி பழகிய எக்ஸ்எல்எம்-ஆர் மாதிரியின் பயிற்சித் தரவில் இப்படி எழுதிய தமிழும் கொஞ்சம் சேர்க்கப்பட்டது. அதில் தோட்டத்து உச்சரிப்பை எதிர்பார்க்க முடியாது.

4. படமாக இருக்கும் எழுத்து. நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. மலையக ஆவணங்களும் அதில் உண்டு. ஆனால் வருடிய பக்கம் என்பது கணினிக்கு ஒரு புகைப்படம். அதை எழுத்தாக மாற்றிப் பிழை திருத்தினால்தான் நம் தமிழைப் படித்த மாதிரி ஒன்று உருவாகும். பணத்தைவிட, பொறுமையாகப் பிழை பார்க்கும் கண்களுக்குத்தான் இதில் தட்டுப்பாடு.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. மொழி தாண்டிப் பொருத்தம் காணும் மாதிரிகள் இப்போது இருக்கின்றன. 2020இல் கூகுள் வெளியிட்ட லாப்ஸே, 109 மொழி வாக்கியங்களை ஒரே வரைபடத்தில் வைக்கிறது. தமிழும் சிங்களமும் அதில் சேர்த்தி. சிங்களத்தில் மட்டும் வந்த ஓர் ஆட்சேர்ப்பு அறிவித்தலை, தமிழில் தேடுபவரின் முதல் பத்துக்குள் கொண்டுவர இதனால் முடியும். சிங்கள அறிவித்தல் காலாவதியான பிறகே தமிழில் சேதி தெரியவரும் ஊரில் இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

"மலையகத்தவர் விரும்பத்தக்கது"

பத்திரிகைச் சிறுவிளம்பரம் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாசகம் பழக்கமானது. "கடைக்கு ஆள் தேவை. தங்குமிடம், சாப்பாடு தரப்படும். மலையகத்தவர் விரும்பத்தக்கது." வீட்டு வேலைக்கும் அதே. கணக்காளர் வேலைக்கு யாரும் அப்படிக் கேட்பதைக் காண்பது அரிது.

அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கற்கும் நிரலிடம் இந்த விளம்பரங்களைக் கொடுத்தால் என்ன கற்கும்? மலையகம், தோட்டம், தோட்டத்தின் பகுதிகளைக் குறிக்கும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்ற சொற்கள் கடை, சமையல், வீட்டுப் பணி ஆகியவற்றின் அயலவர் என்று கற்கும். இனி ஒரு பெண், உயர்தரத்தில் வணிகப் பிரிவில் நல்ல பெறுபேற்றோடு சுயவிவரத்தைப் பதிவேற்றுகிறார். முகவரி: இன்ன தோட்டம், கீழ்ப்பிரிவு, கொட்டகலை. முகவரியும் எழுத்துத்தானே? நிரல் அதையும் படிக்கும், அதன் காவியையும் கூட்டும். வங்கிப் பயிலுநர் விளம்பரம் நான்கு இடம் கீழே போகும், துணிக்கடை விளம்பரம் நான்கு இடம் மேலே வரும். "தோட்டத்தாரை ஒதுக்கு" என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நாற்பது வருட விளம்பரம் எழுதி வைத்திருக்கிறது.

இதற்கு உலகறிந்த முன்னுதாரணம் உண்டு. அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க உள்ளுக்குள் உருவாக்கிய ஒரு கருவி, பெண்கள் என்ற சொல் வரும் விண்ணப்பங்களின் மதிப்பைக் குறைத்தது. அதற்குக் கொடுத்த பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கருவி கைவிடப்பட்ட சேதி 2018இல் வெளிவந்தது. அங்கே ‘பெண்கள்’ செய்த வேலையை இங்கே ‘தோட்டம்’ செய்யும்.

இந்த வகைப் பிழையின் கெட்ட குணம், அது கண்ணில் படாதது. கடைக்காரர் முகத்துக்கு நேரே இல்லை என்றால் கோபப்படலாம். பட்டியலில் வராத விளம்பரம் இருந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கிடைத்த துணிக்கடை விளம்பரத்தை அவர் தொட்டுப் பார்த்தால், அந்தத் தொடுகையும் பதிவாகி, ‘பார்த்தாயா, நான் சொன்னது சரி’ என்று நிரல் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறையில் மட்டும் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையைப் பேசுகிறது. நடந்ததே தெரியாதவர் எதை மீளாய்வு செய்யக் கேட்பார் என்பது வேறு கதை.

மோசடி விளம்பரத்துக்கும் இதே முறைமை உதவி செய்கிறது. வெளிநாட்டு வேலை முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். சிபாரிசு நிரல் பணியகத்தைக் கேட்பதில்லை, எழுத்தின் ஒற்றுமையைத்தான் பார்க்கிறது. உண்மையான விளம்பரத்தை வரிக்கு வரி நகலெடுத்துத் தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றியவருக்கு ஒற்றுமை ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கும். பொருத்தமும் உண்மையும் வேறு வேறு என்பதை இந்தத் துறையில் வேலை செய்பவர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மண்சரிவும் நிலச்சரிவும்

மழைக்காலத்தில் இதன் விளைவு வேலை தேடுவதோடு நிற்காது. நாம் சொல்வது மண்சரிவு, தமிழ்நாட்டில் நிலச்சரிவு. காவிகள் இரண்டையும் பக்கத்தில் வைக்கும், அது சரியான வேலை. ஆனால் ஹல்துமுல்லையில் அடைமழை இரவில் "மண்சரிவு எச்சரிக்கை" என்று தேடுபவருக்கு, 2024 ஜூலை 30இல் வயநாட்டில் நடந்ததன் காணொளி முதலில் வந்தால்? பொருள் நெருக்கம் மிகச் சரி, பார்த்தவர் தொகை மிக அதிகம், உபயோகம் இல்லை.

இந்த இடத்தில் சொல்லின் பொருளைவிட இரண்டு விடயம் முக்கியம்: எந்த ஊர், எந்த நாள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று மட்டங்களில் எச்சரிக்கை விடுகிறது. மூன்றாவது மட்டம் என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதற்கு அடுத்த தலைமுறையின் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் பார்வை நேரத்தைக் குறியாக வைத்து ஓடும் நிரல் நேற்றைய பரபரப்பை முன்னால் வைக்கும், இன்றைய எச்சரிக்கை ஒரு வரி அறிவித்தலாகக் கீழே கிடக்கும். யூடியூப் 2012இலேயே எத்தனை முறை தொட்டார்கள் என்பதிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறிவிட்டது. ஒரு வரியை எவ்வளவு நேரம்தான் பார்க்க முடியும்?

ஊர்ப் பெயரை வாக்கியத்திலிருந்து பிரித்தெடுப்பதும் மொழிச் செயலாக்கத்தின் ஒரு வேலைதான். மலையகத்தில் அதற்கும் தனிப் பாடு உண்டு. நுவரெலியாவை நுரேலியா என்பார்கள், தலவாக்கலையைத் தலவாக்கொல்லை என்பவர்களும் உண்டு. தோட்டத்துக்கு அலுவலக ஏட்டில் ஓர் ஆங்கிலப் பெயர், லயத்துச் சனங்களின் வாயில் முற்றிலும் வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டையும் இணைக்கும் பட்டியல் எந்த மாதிரிக்குள்ளும் இல்லை. தோட்டத்து வேலையை மேற்பார்த்த பழைய கணக்கப்பிள்ளைமாரின் தலைக்குள் இருக்கிறது.

சின்னதாக ஒன்றைக் கட்டுவதானால்

மலையக இளைஞர் மன்றமோ ஒரு தொழிற்பயிற்சி நிலையமோ தங்கள் பகுதிக்கு வேலை சிபாரிசு செயலி ஒன்றைக் கட்ட நினைத்தால், பெரிய மாதிரியை வாங்குவதில் தொடங்க வேண்டாம் என்பதே என் கட்சி. வரிசை இப்படி இருக்கலாம்.

1. எல்லா எழுத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. அலுப்பான வேலை. இதைச் செய்யாமல் செய்யும் மற்ற எதுவும் வீண்.

2. இணைச்சொல் பட்டியல். சாரதி, டிரைவர், றைவர், ஹட்டன், அட்டன், வெற்றிடம், ஆள் தேவை, காலிப்பணியிடம், ஸ்டோரு, தேயிலைத் தொழிற்சாலை. ஐந்நூறு வரி போதும். இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடியும் இந்தக் கோப்பு, முதல் ஆண்டில் எந்தப் பெரிய மாதிரியையும்விட அதிகம் உழைக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

3. சொல் எடைக் கணக்கையும் காவிகளையும் சேர்த்துப் பயன்படுத்துவது. முதலாவது கவ்வாத்தைப் பிடிக்கும், இரண்டாவது டிரைவரைப் பிடிக்கும்.

4. படிக்கும் வேலையை இரண்டாகப் பிரிப்பது. யூடியூப் பொறியியலாளர்கள் 2016இல் விவரித்த அமைப்பு முதலில் இலட்சக்கணக்கில் இருந்து சில நூறைப் பொறுக்கும், பிறகு அந்தச் சில நூறை மட்டும் நுணுக்கமாக வரிசைப்படுத்தும். கொழுந்து பறிக்கும் கையும் அரைக்கும் இயந்திரமும் வேறாக இருப்பது மாதிரி. நம்மிடம் சில ஆயிரம் விளம்பரம்தான் என்றாலும், மலிவான முறையால் முதலில் பொறுக்கினால் சாதாரணக் கணினியிலேயே எல்லாம் ஓடும்.

5. தூரத்தையும் திகதியையும் எழுத்திலிருந்து பிரித்துத் தனியாக வைப்பது. முடிவுத் திகதி கடந்த விளம்பரம் எவ்வளவு பொருந்தினாலும் வரக்கூடாது. பொகவந்தலாவையிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை திரும்ப முடியாத வேலை, தங்குமிடம் இல்லையென்றால் கீழே போக வேண்டும்.

6. முதல் பத்தை மனிதர்களிடம் காட்டுவது. எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். முதலில் இருப்பதை, முதலில் இருக்கிறது என்பதற்காகவே தொடுவது மனித இயல்பு. வேலை தேடும் ஒருவர், தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் என மூன்று பேரை உட்கார வைத்து, பத்தில் எத்தனை உருப்படி என்று எண்ணச் சொல்லலாம்.

7. முகவரிச் சோதனை. ஒரே சுயவிவரத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தோட்டத்தின் பெயரும் கீழ்ப்பிரிவும், மற்றதில் கொட்டகலை நகரின் ஒரு வீதியும் போட்டு ஓடவிட வேண்டும். தூரக் கணக்குக்கு இரண்டும் கொட்டகலைதான். வரும் பத்தும் ஒன்றாக இருந்தால் நல்லது. மாறினால், எந்த இடத்தில் எந்த விளம்பரம் கீழே போனது என்று அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கலாம்.